லயத்துக்காரரின் ஒன்றரை ஏக்கர்

மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் நாலைந்து வழவழப்பான விளம்பரத் தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் திருச்சியில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடுகள். லிஃப்ட், நீச்சல் குளம், நடந்து போகும் தூரத்தில் கோயில்.

“ஈ.பி.எஃப். காசு சும்மாதானே கெடக்கு. இங்க அத வச்சிக்கிட்டு என்ன வாங்க முடியும்? அங்க ரெண்டு ரூம்பு வீடே வாங்கிடலாம். ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க” என்றார்.

அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலேயே, “மொதல்ல அப்பா வாங்குன நெலம் என்னாச்சுன்னு பாருங்கண்ணே. அப்புறம் நீங்க வாங்கலாம்” என்றார்.

மாமா சிரித்தார். ஆனால் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அந்த நிலத்தை எங்கள் தலைமுறை ஒரு சொல்வழக்காக மட்டுமே அறிந்திருந்தது. கொடுத்த கடன் திரும்பாவிட்டால், கட்டிய சீட்டு கைக்கு வராவிட்டால், “நெலத்துக்கு அனுப்புன காசு மாதிரிதான்” என்பார் பாட்டி. எந்த நிலம், யார் அனுப்பியது என்று நாங்கள் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். மாமா வீட்டு ஸ்டோர் ரூமில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. துருப்பிடித்த கொக்கியைச் சுத்தியலால் தட்டித் திறந்தோம்.

உள்ளே ஒரு கிரயப் பத்திரம், 1953-ஆம் வருடத்தியது. அதோடு நிலத் தீர்வை கட்டிய ரசீதுகள், தாத்தாவின் தம்பி எழுதிய பதினொரு கடிதங்கள், தாத்தாவின் சிவப்பு ஐ.சி.

பத்திரத்தின்படி, துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் புஞ்சை, 900 ரூபாய்க்கு. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஓடை. வாங்குபவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. இன்னார் மகன் இன்னார், ‘தற்சமயம் மலாய் நாட்டில் இருப்பவர்’. பத்திரம் எழுதும்போது தாத்தா இங்கே வந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் இருந்து, 1978-ல் இங்கேயே இறந்தார். அவருடைய ‘தற்சமயம்’ மொத்தம் நாற்பத்தோரு ஆண்டுகள்.

2

இப்போது ‘வெளிநாட்டில் சொத்து’ என்றால் முதலீடு, வாடகை வருமானம், ஓய்வுக்கால உல்லாசம் என்றெல்லாம் நினைவு வருகிறது. லயத்தில் இருந்தவர் ஏன் கடலுக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கினார் என்பதற்கு அந்தக் காரணங்கள் பொருந்தாது. அவருக்குத் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். வயதாகி வெட்டுக்கத்தி பிடிக்க முடியாதபோது எங்கே படுப்பது என்ற கேள்விக்குத் தோட்டம் பதில் வைத்திருக்கவில்லை.

அந்தக் காலத்துச் சம்பளமே அப்படி ஒரு கணக்கில் போடப்பட்டதுதான். 1920-களின் கடைசியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இவர்கள் வருவார்கள், உழைப்பார்கள், ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். முதுமையை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஊரில் என்ன ஆனார்கள் என்பது தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் வராத விஷயம்.

தாத்தா 1937-ல் கங்காணியோடு வந்தவர். அடுத்த ஆண்டே இந்திய அரசு கூலித்தொழிலாளர்களை இப்படி அனுப்புவதற்குத் தடை போட்டுவிட்டது. கதவு மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே வந்தவர்களில் ஒருவர் அவர். மந்தக் காலத்துக் கதைகளைப் பெரட்டுக்களத்தில் மூத்தவர்களிடம் கேட்டிருப்பார். ஜப்பான்காரன் காலத்தையோ தானே பார்த்தார். மூன்றரை வருடம் புழங்கிய வாழைமரத் தாள்கள் 1945-ல் ஒரே நாளில் வெறும் தாளாயின. பாட்டி அந்த நோட்டுகளில் சிலவற்றை அம்மாவுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறார். காசு அழுகும், மண் அழுகாது என்று தாத்தா அடிக்கடி சொல்வாராம். அதை எங்கே கற்றார் என்பது எனக்கு அந்த நோட்டுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சரி, மண்ணை இங்கேயே வாங்கியிருக்கலாமே? சுற்றிலும் இருந்தது தோட்டத்துக்குச் சொந்தமான ஆயிரக்கணக்கான ஏக்கர். அதில் ஒரு மூலையைத் தொழிலாளிக்கு விற்கும் வழக்கம் இல்லை. தோட்டத்துக்கு வெளியே, 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட மலாய் நிலங்களை மற்றவர் வாங்க முடியாது. மீதி நிலத்தை வாங்க நில அலுவலகம் போக வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிய வேண்டும், கிரான் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். தாத்தாவுக்குத் தெரிந்த மண் துறையூர் பக்கத்து மண். தெரிந்த ஆள் தம்பி.

1950-ல் கொரியப் போர் தொடங்கி ரப்பர் விலை ஏறியது. அந்தச் சமயத்தில் மிச்சம் பிடித்ததை மணியார்டரில் அனுப்பினார்கள். அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். 900 ரூபாய் என்பது அறுநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. ‘அனுப்பினார்கள்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறேன். பாட்டியும் விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டியவர்தான். அவருடைய இரண்டு பவுன் சங்கிலியும் அந்த நிலத்துக்குள் போயிருக்கிறது. பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. அவர் பிறந்தது பேராக்கில். அந்த நிலத்தைச் சாகும்வரை பார்த்ததில்லை.

3

கடல் கடந்து சம்பாதித்து ஊரில் மண்ணாகவும் வீடாகவும் மாற்றிய தமிழர்கள் என்றால் நமக்கு முதலில் செட்டியார்கள்தான் நினைவுக்கு வருவார்கள். காரைக்குடி வட்டாரத்து வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பார்க்காத சுற்றுலாப் பயணி இல்லை. அந்த வீடுகளும் ஒருவகையில் ஓய்வுக்கால வீடுகள்தான். ரங்கூனிலும் பினாங்கிலும் மூன்று வருடம் கடைப் பொறுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆட்களுக்கான வீடுகள்.

அவர்களுக்கு வெளிநாட்டில் நிலம் சேர்ந்த விதம் வேறு. பர்மாவில் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, அடமானம் வைத்த நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937 வாக்கில் அது 25 விழுக்காடு ஆனது. அவர்களுக்கு வேண்டியது வட்டி. வந்து சேர்ந்தது மண். அந்த மண்ணில் நின்றுகொண்டிருந்த பர்மிய விவசாயிக்கு, நிலம் தன் காலடியில் இருக்க உரிமை மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது. சுதந்திர பர்மா 1948-லேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மலாயாவிலும் இதே மந்தக் காலத்தில், சிறு நிலக்காரர்களின் மண் கடனுக்காகக் கைமாறுவதைத் தடுக்க 1931-ல் ஒரு சட்டமும், 1933-ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தில் திருத்தமும் வந்தன.

செட்டியார்களையும் என் தாத்தாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவர் கொடுத்தவர், இன்னொருவர் கடைசிவரை வாங்கிய முன்பணத்துக்கு வெட்டியவர். ஆனால் இரண்டு கதையிலும் ஒரு விஷயம் பொது. மண்ணில் இல்லாத உடைமையாளர், மண்ணில் இருக்கும் ஆள். இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தாள். பர்மாவில் அந்தத் தாள் பொய்த்தபோது நான் பர்மிய விவசாயியின் பக்கம் நின்று வாசித்தேன். துறையூரில் அதே போலப் பொய்த்தபோது எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

4

2019 தை மாதம் மாமாவும் நானும் பத்திரத்தோடு திருச்சிக்குப் போனோம். அங்கே ஒரு வக்கீல் அரை மணி நேரம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “பட்டா யார் பேர்ல இருக்கு?”

மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “இதான் சார் கிரான்” என்று பத்திரத்தைக் காட்டினார்.

இந்த இடத்தில் இரண்டு நாட்டின் தாள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் நிலத்துக்கு இருப்பது டாரன்ஸ் முறை. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் முன்நின்று 1858-ல் சட்டமாக்கியது. கப்பலின் பங்கு பதிவேட்டில் பெயர் ஏறியவுடன் கைமாறுவதைப் போல, நிலமும் பதிவேட்டின் வழியே கைமாறலாமே என்பது அவருடைய யோசனை. சிலாங்கூரில் 1891-லேயே அந்த முறை வந்துவிட்டது. இன்றைய 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. இங்கே பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். வேறொருவர் ஐம்பது வருடம் அந்த மண்ணில் குடியிருந்தாலும், இருந்த காரணத்தால் மட்டும் உரிமை அவருக்குப் போகாது.

இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தை. இன்னார் இன்னாருக்கு விற்றதாக ஒரு தாள் எழுதப்பட்டது என்பதற்கு அது சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா, பிறகு என்ன நடந்தது என்பதற்கெல்லாம் அரசு பொறுப்பேற்காது. தீர்வை வாங்குவதற்காக வருவாய்த்துறை வைத்திருக்கும் பட்டா தனிக் கணக்கு. பத்திரம் முடிந்த பிறகு அதைத் தனியாக மாற்ற வேண்டும். பத்திரம், பட்டா, அனுபவம் மூன்றும் ஒருவரிடமே இருந்தால்தான் அங்கே நிம்மதி. இதற்கு மேல் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து பன்னிரண்டு வருடம் வைத்திருந்தால், நிலத்தை மீட்க வழக்குப் போடும் உரிமையே உங்களிடமிருந்து போய்விடும்.

தாத்தாவின் கையில் இருந்தது பத்திரம் மட்டும். அப்போதுதான் அந்தக் கடிதங்களை ஒழுங்காகப் படித்தேன். 1954-ல் தம்பி எழுதுகிறார்: பட்டா மாற்றத்தை வருகிற ஜமாபந்தியில் செய்துகொள்ளலாம், கவலை வேண்டாம். 1955-ல் கிணறு வெட்டப் பணம் கேட்கிறார். 1956-ல் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கடலை போட்டிருக்கிறோம் என்கிறார். 1961-ல் மகளுக்குக் கல்யாணம். பட்டா பற்றிய பேச்சு அந்த ஒரு கடிதத்தோடு சரி. தீர்வை ரசீதுகளிலும் தாத்தாவின் பெயர் இல்லை. கட்டியவரின் பெயர் இருந்தது. அவற்றை அண்ணனுக்குத் தவறாமல் அனுப்பியதும் அதே தம்பிதான். ஏமாற்றும் எண்ணம் உள்ளவர் தன் பெயர் போட்ட ரசீதைப் பத்திரமாக அனுப்பி வைப்பாரா? நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேருமே அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வரும்வரை தம்பி பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

5

அண்ணன் ஒரு முறை போனார். 1964-ல் ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம். மலாயாத் தமிழர்களில் இரண்டு தலைமுறையைச் சுமந்த கப்பல் அது. 1926-ல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை அந்தப் பாதையில் ஓடியது. இரண்டு மாதம் ஊரில் இருந்தார். கிணற்றுத் தண்ணீரில் குளித்தார். இன்னும் ஐந்து வருடத்தில் மொத்தமாக வந்துவிடுவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சொன்னபடி ஐந்தாவது வருடம் அந்த நேரம் வந்தது, அவர் நினைத்த வழியில் இல்லாமல். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்றது. 1969-ல் அது தோட்டங்களுக்குள் நுழைந்தபோது, சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். 1957-க்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால் பலருக்குக் குடியுரிமை கிடைத்திருக்கும். ஊருக்குத்தானே போகப் போகிறோம், எதற்கு என்று விட்டவர்கள் அதிகம். தாத்தா அவர்களில் ஒருவர். துறையூரில் இருந்த ஒன்றரை ஏக்கர்தான் அவரை நீல ஐ.சி. கேட்க விடாமல் தடுத்திருக்கிறது என்று மாமா சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த அலையில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். நிரந்தரமாக வெளியேறுகிறவர்கள் ஈ.பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இருபது முப்பது வருட உழைப்பை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையில் இங்கே பிறந்த பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். 1966-ல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டிருந்ததால், ஒன்றரை ரூபாயாக இருந்த வெள்ளி அப்போது இரண்டே கால் ரூபாயைத் தாண்டியிருந்தது. கணக்குப் பார்த்தால் போவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டப்பட்டன என்பார் அம்மா. அவருக்கு அப்போது எட்டு வயது. கூட விளையாடிய பிள்ளைகள் போகும்போது கொடுத்த கோலிக்குண்டுகளை ரொம்ப நாள் வைத்திருந்தாராம்.

தாத்தாவும் கிளம்பத் தயாரானார். தடுத்தது பாட்டி. “அங்க ஒங்களுக்கு நெலம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாலாவது நாள் தாத்தா பெர்மிட்டுக்கு மனுப் போட்டார். அது கிடைத்தது.

6

தாத்தா இறந்ததற்கு மறு வருடம், 1979-ல், தமிழ்நாட்டு அரசு நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. யூ.டி.ஆர். என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். 1987 வரை ஊர் ஊராகப் போய் நிலத்தில் யார் இருக்கிறார்கள், யார் பெயரில் கணக்கு என்று பார்த்துப் புதிய பட்டா எழுதினார்கள். அதில் ஏறிய தவறான பெயர்களைத் திருத்தச் சொல்லும் மனுக்கள் இன்றும் முடிந்தபாடில்லை. இதற்கு நடுவில் 1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சாதியும் செல்வாக்கும் பார்த்துக் கணக்கெழுதிய முறை அது, ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ‘இது மலாயாக்காரர் நிலம், அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார்’ என்று மனத்தில் வைத்திருந்த ஆளும் அவரோடு போனார். அளக்க வந்தவர்கள் வயலில் நின்றவரின் பெயரைக் கேட்டார்கள். தம்பி தன் பெயரைச் சொன்னார். சொல்லாமல் வேறு என்ன செய்திருப்பார்? அண்ணன் இறந்துவிட்டார். அண்ணன் பிள்ளைகள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

இப்போது பட்டா தம்பியின் பேரன் பெயரில் இருக்கிறது. வக்கீல் நிதானமாக விளக்கினார். பட்டா மட்டுமே உரிமை ஆகாது. தம்பி உங்கள் சார்பில் வைத்திருந்தார் என்று கடிதங்களை வைத்து வாதாடலாம். அவர்கள் நாற்பது வருட அனுபவத்தைக் காட்டுவார்கள். கீழ்க்கோர்ட், மேல்முறையீடு, ஹைகோர்ட் என்று பத்துப் பதினைந்து வருடம் ஓடும். இன்னொன்றும் சொன்னார்: உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இவருடைய தங்கைக்கும் சம பங்கு உண்டு. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் ஊருக்குப் போனோம். பேரனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கோழி அடித்துச் சமைத்திருந்தார்கள். “வாங்க சித்தப்பா, வாங்க பாப்பா” என்று வாய் நிறைய அழைத்தார்கள். ஆனால் சோறு போடும்போது அந்த வீட்டு அக்கா இரண்டு முறை, “எப்ப திரும்பிப் போறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை நான் பிறகுதான் உணர்ந்தேன். ஒன்றரை ஏக்கரில் கடலையும் சோளமும் போட்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். திடீரென்று விமானத்திலிருந்து இறங்கி ஒருவர் பையில் 1953-ஆம் வருடத்துத் தாளோடு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

சாப்பிட்டபின் நிலத்துக்குக் கூட்டிப்போனார்கள். வண்டிப்பாதை தார்ச்சாலை ஆகியிருந்தது. ஓடை இருந்தது, தண்ணீர் இல்லை. கிணறு இருந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீரும். “இத எங்க ஊர்ல மலாயாக் கெணறுன்னுதான் சொல்வாங்க” என்றார் பேரன். அவர் அதை மறைக்கவில்லை. மாமா கிணற்று மேட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பையில் இருந்த பத்திரத்தை வெளியே எடுக்கவே இல்லை.

7

திரும்பி வந்தபின் அம்மா பாட்டியின் பொருட்களிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, பாட்டியின் பெயரில்.

1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் பல கைமாறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலையும் போகும், லயமும் போகும். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாம் என்று கிளம்பினார். 1960-ல் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அதாவது தாத்தா துறையூருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், பாட்டி தன் கூலியில் மாதம் பத்து வெள்ளியை இங்கே, தான் நின்ற மண்ணில் போட்டிருக்கிறார். பங்கு என்றால் வீடு கட்டும் மனை இல்லை. அவர் கடைசிவரை லயத்தில்தான் இருந்தார். ஆனால் லாப ஈவு வந்தது. அம்மாவின் பள்ளிச் சீருடை அதில் வாங்கியதுதான். எங்கள் குடும்ப வரலாற்றில் ‘நிலம்’ என்றால் எப்போதும் தாத்தாவின் நிலம்தான். பாட்டியின் அட்டையை யாரும் நிலம் என்று சொன்னதில்லை.

இப்போது இந்த நாடே வெளிநாட்டு ஓய்வூதியர்களுக்கு வீடு விற்கிறது. 1996-ல் ‘சில்வர் ஹேர்’ என்று ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்காகத் தொடங்கிய திட்டம், 2002-ல் ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ ஆனது. 2021-ல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டும் என்று இறுக்கினார்கள். 2024-ல் மாற்றிய விதிகளின்படி ‘சில்வர்’ படிநிலைக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும் 600,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடும் வேண்டும். பக்கத்தில் சிங்கப்பூரோ, வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்கினால் 2023 முதல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கேட்கிறது. காசோடு வருகிறவரை எவ்வளவுக்கு உள்ளே விடலாம் என்று ஒவ்வொரு நாடும் அளவு வைத்திருக்கிறது. நாற்பத்தோரு வருடம் மரம் வெட்டியவருக்கு இது முதல் இல்லமா, இரண்டாவது இல்லமா என்று கேட்கத்தான் எந்தப் பாரமும் அச்சடிக்கப்படவில்லை.

இந்தியப் பக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. மாமா ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் திருச்சியில் அந்த அடுக்குமாடி வீட்டை வாங்கலாம். ஆனால் அன்னியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தாத்தா வாங்கிய மாதிரி ஒன்றரை ஏக்கர் புஞ்சையை, எத்தனை லட்சம் வைத்திருந்தாலும், மாமாவால் இன்று விலைக்கு வாங்க முடியாது.

வழக்குப் போடவில்லை. போட மாட்டோம் என்று எழுதியும் கொடுக்கவில்லை. அம்மா தன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: “கெணத்துல பாதி எங்கம்மா சங்கிலி. அத மட்டும் அவங்க தெரிஞ்சிக்கிட்டா போதும்.” நான் அதைத் துறையூர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவர் கிணற்றின் படம் ஒன்றை அனுப்பினார். அந்த வருடம் மழை நன்றாக இருந்தது போல. தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது.

மாமா விளம்பரத் தாள்களை இன்னும் தூக்கிப் போடவில்லை. போன மாதம் வந்தபோது ஒன்றை விரித்துப் படுக்கையறை எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “ஆறு மாசம் நாம இங்க இருக்கும்போது அந்த வீட்ட யாரு பாத்துக்குவா?” என்று கேட்டார். ஏஜெண்டுகள் இருக்கிறார்கள், மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

“எங்கப்பாவுக்கு அவரு தம்பி இருந்தாரு” என்றார் மாமா. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.